ரெய்டு போன ஸ்டுடியோ... நாலு நாளில் திரும்பி வந்த கல்யாணங்கள்!

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரன்ட் வந்து, கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, அங்கே ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோவுக்குப் புதுவிதமான கூட்டம் வர ஆரம்பித்தது. யாரும் போட்டோ எடுத்துக்கொள்ள வரவில்லை. மழையில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போன கல்யாண ஆல்பங்களைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள்.

"அண்ணே, இதோட காப்பி உங்ககிட்ட இருக்குமாண்ணே?"

சிலருடையது இருந்தது. பலருடையது இல்லை. பழைய டிவிடிக்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. ஒரு ஹார்ட் டிஸ்க் புயலுக்கு முன்பே செத்துப்போயிருந்தது. "என்கிட்ட இல்லம்மா" என்று ஒரே வாரத்தில் எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்கு ஸ்டுடியோக்காரரிடம் கணக்கில்லை. ஓட்டு வீட்டின் கூரை மொத்தமாகப் போன ஒரு அம்மாவுக்கு, கணவரின் முகம் இருக்கிற ஒரே படம் அந்தக் கல்யாண ஆல்பத்தில்தான் இருந்ததாம். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வைராக்கியம் வந்தது. இனி எடுக்கிற எதுவும் தொலையக் கூடாது.

அப்படி வந்ததுதான் ஸ்டுடியோவின் பின்னறையில் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி.

அமைத்துக் கொடுத்தது அவருடைய அக்கா மகள். 2019-ல் அவள் இன்ஜினீயரிங் கடைசி வருஷம், கம்ப்யூட்டர் சயின்ஸ். பெரிய நிறுவனங்கள் விற்கும் ரெடிமேட் சர்வர் வாங்க மாமாவிடம் பணம் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசு தட்டி, அதில் ஆளுக்கு 4 டிபி வீதம் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, உபுண்டு லினக்ஸ் போட்டாள். லினக்ஸுக்குக் காசு கிடையாது. நான்கு டிஸ்க்குகளையும் ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும் வித்தையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்குகிற எம்டிஅட்ம் என்ற கருவியை எழுதியவர் நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர். அதுவும் இலவசம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ரெய்டு. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கட்டுரை பிரபலமாக்கிய பெயர் அது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த பல சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை செய்ய வைக்கலாம், ஒன்று போனாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும் என்பது அவர்களுடைய வாதம். நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற யோசனைதான்.

தாங்கிக்கொள்வது எப்படி என்பதை அன்றைக்கு மாமாவுக்கு மொய்க் கணக்கு சொல்லித்தான் அவள் புரியவைத்தாள். மூன்று பேர் மொய் வைக்கிறார்கள். 500, 200, 100. மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதி, நான்காவது தாளில் கூட்டுத்தொகை 800 என்று எழுதி வைக்கிறோம். 200 எழுதிய தாள் காணாமல் போனால்? 800-ல் 500-ஐயும் 100-ஐயும் கழித்தால் 200 வந்துவிடும். எந்தத் தாள் தொலைந்தாலும் மற்ற மூன்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். டிஸ்க்கில் நடப்பது கூட்டல் அல்ல, 'எக்ஸ்-ஆர்' என்கிற வேறு கணக்கு. கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இருக்காது, நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். ஆனால் சங்கதி இதுதான். நான்கு டிஸ்க் வாங்கினால் மூன்றின் இடம் கிடைக்கும், ஒன்று பாதுகாப்புக்குப் போகும்.

"ரெண்டு தாள் தொலைஞ்சா?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டும் ஒரே நேரத்துல தொலையாது மாமா."

அவள் சொன்னது சரிதான். 2024-ல் இரண்டும் ஒரே நேரத்தில் தொலையவில்லை. ஐந்து மாத இடைவெளியில் தொலைந்தன.

அத்தைக்கு வந்த பதற்றம்

ஆவணி முகூர்த்த சீஸன். ஒரு புதன்கிழமை காலை, முந்தைய நாள் ரிசப்ஷன் படங்களைப் பெட்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றது. ஃபோல்டர்கள் திறக்கவில்லை. ஸ்டுடியோக்காரர் எல்லோரும் செய்வதைச் செய்தார். அணைத்துவிட்டுப் போட்டார். மறுபடியும் அணைத்துவிட்டுப் போட்டார். ஐந்து வருடக் கல்யாணங்கள் இருந்த இடம் காலியாக இருந்தது.

பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் உடனே வந்தார். அரை மணி நேரம் பார்த்தார். "டிஸ்க்கெல்லாம் இருக்குண்ணே. செட்டிங்ஸ்தான் அழிஞ்சு போச்சு. இதே நாலையும் வெச்சு மறுபடி புதுசா ரெய்டு க்ரியேட் பண்ணிட்டா ஏறிடும்" என்றார். விரல் என்டர் பட்டன் மேல் இருந்தது.

அந்த நேரத்தில் சென்னையில் இருந்து போன். அக்கா மகள் இப்போது அங்கே ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் ஒரே வார்த்தை: "மாமா, ரெய்டு போயிடுச்சு. யாரையும் எதையும் தொட விடாதீங்க. பவரை ஆஃப் பண்ணுங்க. நான் நைட் பஸ் ஏறுறேன்."

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட அத்தைக்குப் பாதிதான் விழுந்தது. ரெய்டு! ஆஃபீஸர்கள் வரப்போகிறார்கள்! "நம்மகிட்ட ரெய்டு வர்ற அளவுக்கு என்னங்க இருக்கு? பீரோவுல இருக்கிறது என் தாலிக்கொடியும் பாப்பாவோட ரெண்டு வளையலும்தானே?" என்று அவர் பதறியதை அந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

சர்வீஸ்காரரைக் குறை சொல்வது எளிது. அவர் உதவத்தான் வந்தார். ஆனால் 'புதிதாக உருவாக்கு' என்ற அந்த ஒரு கமாண்டுதான் ரெய்டு மீட்பில் அதிகமானவர்களைக் கவிழ்க்கிற கல். டிஸ்க்குகளின் வரிசை மாறியிருந்தாலோ, தொடக்க இடம் கொஞ்சம் வேறாக இருந்தாலோ, அது தவறான கூட்டுத்தொகையைப் போட்டு, அதைக் கொண்டுபோய் ஒரு டிஸ்க்கின் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். கருவியின் புதிய பதிப்புகளில் அந்தத் தொடக்க இடமே பழைய பதிப்புகளில் இருந்து மாறியிருக்கிறது. 2019-ல் போட்ட பெட்டிக்கு 2024-ல் அதே கமாண்டைக் கொடுத்தால் அதே பெட்டி கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 'சேர்' என்ற கமாண்டும் ஆபத்துதான். வெளியே போன டிஸ்க்கை அப்படி உள்ளே கூப்பிட்டால், அதைப் புது ஆளாக எடுத்துக்கொண்டு, அது முன்பு உட்கார்ந்திருந்த இடம் எது என்ற குறிப்பையே அழித்துவிடலாம்.

டிஸ்க் கெட்டதால் போவதைவிட, கெட்ட பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் கை வைத்ததால் போவது அதிகம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு போன் கால் காப்பாற்றியது.

அன்றைக்கு மதியம் இன்னொரு போனும் வந்தது. சிங்கப்பூரில் இருந்து.

அந்தப் பெண்ணுக்கு அதே வருடம் ஜனவரியில், தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை என்பதால் மூன்றாவது வாரமே விமானம் ஏறிவிட்டார்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்து தருவதாகச் சொன்னவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். இதெல்லாம் ஸ்டுடியோக்களில் சகஜம். ஒரு வருடம் கழித்து ஆல்பம் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஜூன் மாதம் பெண்ணின் அப்பா போய்விட்டார். மாரடைப்பு.

"அண்ணா, அடுத்த வாரம் ஊருக்கு வர்றேன். ஆல்பம் அப்புறம் பார்த்துக்கலாம். அப்பா இருக்கிற போட்டோ எல்லாத்தையும் மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டு வைங்கண்ணா."

மெமரி கார்டுகளை எப்போதோ அழித்து அடுத்த கல்யாணங்களுக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. இருந்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான். "வாம்மா, எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி வைத்தார். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் கடைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்கிறார் எதிர்க்கடை டீ மாஸ்டர்.

கடைசியாக மொய் எழுதியது யார்?

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா மகள் வந்து இறங்கினாள். காபியைக் குடித்துக்கொண்டே அவள் செய்த முதல் வேலைக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. நான்கு டிஸ்க்குகளையும் போனில் படம் எடுத்தாள். ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் நோட்டில் எழுதி, மேலே பேப்பர் டேப் ஒட்டி, 1, 2, 3, 4 என்று மார்க்கரில் எழுதினாள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மாறலாம். சீரியல் நம்பர் மாறாது.

அப்போதுதான் 3-ம் நம்பர் டிஸ்க்கின் கேபிள் தொளதொளவென்று இருப்பதைப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொரு டிஸ்க்காக, எதையும் எழுதாமல், படிக்க மட்டும் செய்தாள். ரெய்டில் இருக்கிற ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பிலேயே ஒரு சின்னக் குறிப்பேடு வைத்திருக்கும். நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், எத்தனையாவது இடம், கடைசியாக எப்போது கணக்கு எழுதினேன் என்று. அதில் 'ஈவென்ட்' என்றொரு எண் உண்டு. ரெய்டில் ஏதாவது நடக்கும்போதெல்லாம் நான்கு டிஸ்க்கிலும் அந்த எண் சேர்ந்தே ஏறும். ஒரு டிஸ்க் வெளியே போய்விட்டால் அதன் எண் அங்கேயே நின்றுவிடும்.

2-ம் 4-ம் 23,940 என்று சொன்னன. 1-ம் நம்பர் 23,934. மூன்றாவது டிஸ்க் 21,067. கடைசியாக எழுதிய தேதி, மார்ச் 11.

"மார்ச்ல என்ன மாமா நடந்துச்சு?"

ஸ்டுடியோவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மேஜையை நகர்த்தினார்கள். கேபிள் கழன்றது. அன்றைக்கே 3-ம் டிஸ்க் கூட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டது. மீதி மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தன. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. படம் ஏறும், படம் திறக்கும். கொஞ்சம் மெதுவாக இருந்ததற்கு நெட்வொர்க் கேபிளைத் திட்டியிருக்கிறார்கள்.

பெட்டி சும்மா இருக்கவில்லை. ஒரு டிஸ்க் போய்விட்டது என்று அது மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. 2019-ல் அவள் கொடுத்திருந்தது தன்னுடைய கல்லூரி முகவரி. படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிட்டது. இல்லாத வீட்டுக்குப் பெட்டி கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து மாமாதான் பேச்சை மாற்றினார்.

இன்னொன்றும் இருந்தது. டிஸ்க்குகளை முழுதாகப் படித்துப் பார்த்துப் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை, உபுண்டுவில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஓடும். அன்றைய பதிப்புகளில் அதற்கான நேரம், நள்ளிரவு தாண்டி 12.57. ஸ்டுடியோக்காரர் சிக்கனக்காரர். கடை மூடும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவர். ஐந்து வருடங்களில் அந்தச் சோதனை ஒரு முறைகூட ஓடியிருக்காது.

சரி, 1-ம் டிஸ்க் ஏன் போனது? அதனுடைய உடல்நல அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். சில இடங்களைப் படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருந்தது. செத்துவிடவில்லை, தடுமாறுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்று விற்கப்படும் டிஸ்க்குகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், நிமிடக்கணக்கில்கூட. லினக்ஸோ வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். பதில் வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று முடிவு கட்டிவிடும். சர்வருக்கு என்று செய்யப்படும் டிஸ்க்குகள் சில விநாடிகளிலேயே 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். விலை அதிகம். 2019-ல் மாமாவின் பட்ஜெட்டுக்கு வந்தது முதல் ரகம்.

இப்போது கணக்கு தெளிவாக இருந்தது. பந்தியில் இருந்து மார்ச்சிலேயே எழுந்து போனவனைக் கூப்பிட்டு இன்றைக்கு யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பயனில்லை. ஆறு வரி மட்டும் பின்தங்கியிருக்கும் 1-ம் டிஸ்க்கைத்தான் உள்ளே அழைக்க வேண்டும். அந்த ஆறு வரி, நின்றுபோன கடைசி நிமிடத்து ரிசப்ஷன் படங்களாகத்தான் இருக்கும். அவை கார்டிலேயே இருக்கின்றன. ஆனால் தடுமாறுகிற டிஸ்க்கை வைத்து வேலை செய்யக் கூடாது. முதலில் அதற்கு நகல் எடுக்க வேண்டும்.

ஸ்டுடியோக்காரர் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், 4 டிபி டிஸ்க் இரண்டும், வெளியே மாட்டுகிற 8 டிபி டிஸ்க் ஒன்றும் வாங்கி வந்தார். அந்த மாதம் வந்த அட்வான்ஸ் எல்லாம் அதிலேயே போனது.

காதை வைத்துக் கேட்டாள்

நகல் எடுப்பதற்கு முன் 1-ம் டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டாள். 'டக்... டக்...' என்று தட்டுகிற சத்தம் வந்தால் உள்ளே பாகமே உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்திருந்தால் அந்த நிமிடமே அணைத்து, தூசு புகாத அறையில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற நிபுணர்களிடம் அனுப்பியிருப்பாள். சத்தம் எதுவும் இல்லை.

இதற்குள் விஷயம் கேள்விப்பட்டு வந்த நண்பர் ஒருவர், டிஸ்க்கைப் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார். இது ரொம்பப் பழைய நம்பிக்கை. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்து இருக்கிறதும் போய்விடும். அத்தை அந்த நண்பருக்கு டீ கொடுத்து, பேச்சுக் கொடுத்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டார். மீட்புப் பணியில் அதுவும் ஒரு பங்குதான்.

பழுதான டிஸ்க், புது டிஸ்க் இரண்டை மட்டும் மாட்டி, நகல் வேலைக்கு 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவியை ஓடவிட்டாள். சாதாரண நகல், படிக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே மல்லுக்கு நிற்கும். இது அப்படியில்லை. நன்றாக இருக்கும் இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பழுதான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். கடைசியில்தான் திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். மூச்சு வாங்குகிற டிஸ்க்கிடம் எளிதான கேள்விகளை முதலில் கேட்டு முடித்துவிடுகிற புத்திசாலித்தனம் இது.

இரவு எட்டரைக்குத் தொடங்கியது. டிஸ்க்குக்கு எதிரில் டேபிள் ஃபேன். பக்கத்தில் பாய் விரித்து மாமாவும் அக்கா மகளும். 4 டிபி என்பது சும்மா இல்லை. நல்ல டிஸ்க்காக இருந்தாலே எட்டு, ஒன்பது மணி நேரம் ஓடும். விடிகாலையில் முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. மாலை ஐந்து மணி வரை கிடையாது. யூபிஎஸ் கத்த ஆரம்பிக்க, மாமாவுக்குக் கை நடுங்கியது. அவள் நிதானமாக நிறுத்திவிட்டு, டிஸ்க்கை அணைத்துவிட்டுப் போய்த் தூங்கினாள். எதுவரை படித்தோம், எதை விட்டோம் என்று அந்தக் கருவி ஒரு வரைபடம் எழுதிக்கொண்டே வரும். கரன்ட் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். தொடர்ந்தது.

சனிக்கிழமை காலை கணக்கு வந்தது. 4 டிபி-யில் படிக்கவே முடியாமல் போனது 312 கேபி மட்டும். ஏழு இடங்கள். போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுகூட இல்லை. ஆனால் அந்த ஏழு இடங்களில் எந்தக் கல்யாணம் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த வேலைக்கு ஸ்டுடியோக்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் படத்தில் திருத்தம் செய்வதற்கு முன் மேலே ட்ரேசிங் பேப்பர் வைத்துக் குறிப்பார்களே, அதேதான். நகல் டிஸ்க், 2, 4 மூன்றின் மேலேயும் அவள் ஒரு மெல்லிய திரை போட்டாள். இனிமேல் ரெய்டு எதை எழுதினாலும் அது திரையில்தான் விழும், டிஸ்க்கைத் தொடாது. தப்பாகப் போனால் திரையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். லினக்ஸில் இந்த வசதி காலங்காலமாக இருக்கிறது. அவசரத்தில்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பிறகு மூன்று டிஸ்க்கையும் வைத்து, 'கட்டாயமாக ஒன்று சேர்' என்ற கமாண்டைக் கொடுத்தாள். 'உருவாக்கு' அல்ல, 'ஒன்று சேர்'. குறிப்பேட்டில் இருக்கும் வரிசையை அப்படியே நம்பி, ஆறு வரி வித்தியாசத்தை மன்னித்துக் கூட்டிவைக்கிற கமாண்ட் இது.

திரையில் நான்கு எழுத்துகளுக்கான இடம் வந்தது. யூ, யூ, அடிக்கோடு, யூ. மூன்று பேர் ஆஜர், ஒருவர் விடுப்பு.

படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு திறந்தாள். ஃபோல்டர்கள் வரிசையாக வந்து விழுந்தன. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி. ஐந்து வருடம். ஸ்டுடியோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முதலில் 8 டிபி டிஸ்க்குக்கு ஏறியது அந்த ஜனவரிக் கல்யாணம். பிறகுதான் மற்றதெல்லாம்.

பழைய சாட்சி

அந்த ஏழு இடங்கள் பாக்கி இருந்தன. எந்த இடம் எந்த ஃபைலுக்குள் விழுகிறது என்று அவள் தேடியபோது, இரண்டு காலி இடத்தில் விழுந்திருந்தன. நான்கு, பழைய கல்யாண ஃபோல்டர்களில். ஒன்று, ஜூலையில் எடுத்த ஒரு காதுகுத்து வீடியோவில்.

அந்த நான்கில் ஒன்று ஜனவரிக் கல்யாணம். ஒரு படம். திறந்தால் மேல் பாதி தெரிந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம்.

இங்கேதான் அவள் ஒதுக்கி வைத்திருந்த 3-ம் டிஸ்க்கைத் திரும்ப எடுத்தாள். அது மார்ச் 11-க்குப் பிறகு நடந்த எதற்கும் சாட்சி சொல்லத் தகுதியில்லாதது. ஆனால் ஜனவரியில் நடந்ததற்கு? அப்போது அது பந்தியில்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு படத்தை ஒரு முறை ஏற்றிவிட்டால் அந்த இடத்தில் யாரும் மறுபடி எழுதுவதில்லை. அந்தப் பழைய இடங்களைப் பொறுத்தவரை 3-ம் டிஸ்க்கில் இருக்கும் கணக்கு இன்றைக்கும் செல்லும். நான்கு டிஸ்க்கிலும் கணக்கு தொடங்கும் இடம் ஒன்றேதான் என்பதைச் சரிபார்த்துக்கொண்டாள். 2, 3, 4 மூன்றிலும் அதே இடத்தில் இருப்பதை எடுத்து 'எக்ஸ்-ஆர்' போட்டால், 1-ல் இருந்திருக்க வேண்டியது வரும். பத்து, பதினைந்து வரியில் ஒரு சின்ன புரோகிராம். 2019-ல் சொன்ன அதே மொய்க் கணக்குதான்.

நான்கும் வந்தன. காதுகுத்து வீடியோ வரவில்லை, அது 3-ம் டிஸ்க் போன பிறகு எடுத்தது. மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்த பிறகு இரண்டு இடங்களில் படம் உறைந்து, தாவுகிறது. அந்த வீட்டுக்கு நேரில் போய் ஸ்டுடியோக்காரர் விஷயத்தைச் சொன்னார். குழந்தை அழுததைத்தானே காணோம், போகட்டும் என்றார்களாம்.

சாம்பல் நிறம் விலகிய அந்தப் படத்தில் கல்யாணப் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்து நாற்காலியில் பெண்ணின் அப்பா, தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். உதவியாளர் பையன் லைட் சரிபார்க்க எடுத்த படம். ஆல்பத்துக்குப் போயிருக்கவே போகாது.

பென் டிரைவில் போடுவதற்காக ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கல்யாணத்தில் எடுத்தது 2,300-க்கு மேல். அதில் அப்பா தெளிவாக இருந்தவை 41. முப்பது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவருக்கு இது அன்றைக்குத்தான் உறைத்தது. பெண்ணின் அப்பா எந்தக் கல்யாணத்திலும் ஃப்ரேமின் ஓரத்தில்தான் இருக்கிறார். தாரை வார்க்கும்போது மட்டும் நடுவில். மற்ற நேரமெல்லாம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு, எதையோ தூக்கிக்கொண்டு, பாதி உடம்பு வெட்டுப்பட்டு. அந்த வெட்டுப்பட்ட படங்களையும் சேர்த்துக்கொண்டார். 112 ஆனது.

நகல் முடிய ஞாயிறு மாலை ஆனது. இரவு பஸ்ஸுக்கு முன் அக்கா மகள் இன்னும் சில வேலைகளைச் செய்துவிட்டுப் போனாள். கேபிள்களை மாற்றினாள். இரண்டாவது புது டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டை மறுபடி நான்கு ஆளாக்கினாள். 30 விநாடிப் பொறுமையை 180 ஆக்கினாள். மாதச் சோதனை இப்போது முதல் சனிக்கிழமை காலை, கடை திறந்ததும் தொடங்குகிறது. அன்று இரவு மட்டும் மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. பழுது என்றால் மெயில் இரண்டு பேருக்குப் போகிறது. அதில் ஒன்று அத்தையின் போன்.

8 டிபி டிஸ்க் ஸ்டுடியோவில் இல்லை. மாதம் ஒரு முறை புதுப் படங்களை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறது. ஏனென்றால் ரெய்டு என்பது பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் கெட்டால் அது தாங்கும். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் நான்கிலும் சேர்த்தே அழிக்கும். திருடன் வந்தாலும், வெள்ளம் வந்தாலும், இன்னொரு கஜா வந்தாலும் நான்கும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. 2019-லேயே இதை மாமாவிடம் சொன்னதாக அவள் சொல்கிறாள். சொல்லவில்லை என்கிறார் மாமா. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சிங்கப்பூர்ப் பெண் சொன்னபடி அடுத்த வாரம் வந்தார். மறைத்துவிடலாம் என்றுதான் ஸ்டுடியோக்காரர் முதலில் நினைத்திருந்தார். ஆனால் அவர் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, சாப்பாட்டுக் கூடத்துப் படத்தில் நின்று, "இது எப்பண்ணா எடுத்தீங்க?" என்று கேட்டபோது, டேபிள் ஃபேனில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பர்ஸைத் திறந்து இன்னொரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"இதுலயும் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா. ஒண்ணு என்கூட வரட்டும், ஒண்ணு அம்மாவோட பீரோவுல இருக்கட்டும்."